பல இரவுகளின் ஒரே பாடல்

இசைத்தட்டுகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி எழுந்து, விடை காணாமலேயே கலைந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. மேடையில் ஒருமுறை நிகழ்ந்ததுதான் உண்மையான இசையா, ஒலிப்பதிவுக் கூடத்தில் வெட்டியும் ஒட்டியும் செய்யப்பட்டதும் அந்தப் பெயருக்கு உரியதா என்பதே அது. அண்மையில் ஒரு ஞாயிறு மாலையில் நண்பர்கள் சிலர் கூடி, அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1968-இல் வெளியிட்ட 'ஆந்தம் ஆஃப் தி சன்' இசைத்தட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். நாற்பது நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும் தட்டு அது. முடிந்ததும் எங்களில் ஒருவர், 'இது மோசடி' என்றார். கூடத்தில் தொடங்கி, நடுவழியில் மேடைக்குத் தாவி, அங்கிருந்து இன்னொரு ஊரின் இன்னொரு மேடையில் வெளிவரும் ஒன்றை எந்த நிகழ்ச்சியின் பதிவென்று சொல்வது என்று கேட்டார். அன்று எங்களிடம் தக்க பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இத்தட்டு எப்படி உருவானது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. கிரேட்ஃபுல் டெட் 1965-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உருவான குழு. நாவலாசிரியர் கென் கீஸியும் அவருடைய கூட்டாளிகளும் 1965-66-இல் நடத்திய 'ஆசிட் டெஸ்ட்' இரவுகளில் இவர்களே வாசித்தார்கள். எல்.எஸ்.டி. கலிஃபோர்னியாவில் 1966 அக்டோபர் வரை சட்டத்தால் தடை செய்யப்படாதிருந்தது. அந்த இரவுகளில் மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே கோடு கிடையாது. பாட்டு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற கணக்கும் கிடையாது. ஒரே பாடலை அரைமணி நேரம் விரித்து வாசிக்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது. அந்த இசையின் உயிர் பாடல் வரிகளில் இருந்ததைவிட, குழுவினர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே திசை தெரியாமல் சேர்ந்து நகர்ந்ததில்தான் அதிகம் இருந்தது.

இந்த இசையை வட்டத்தட்டில் எப்படி அடைப்பது? 1967-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு அதற்கு விடை சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில், ஒரு வாரத்துக்கும் குறைவான நாட்களில், டேவ் ஹாஸிங்கர் என்ற தேர்ந்த தயாரிப்பாளரின் மேற்பார்வையில் அது பதிவாயிற்று. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவுகளில் ஒலிப்பொறியாளராகப் பணியாற்றியவர் அவர். பதிவில் தொழில்முறைக் குறை எதுவும் இல்லை. ஆனால் பாடல்கள் பெரும்பாலும் சுருங்கியும், வேண்டாத வேகத்தோடும் ஒலித்தன. குழுவினருக்கே அதில் நிறைவில்லை. மேடையில் அவர்களைக் கேட்டவர்கள் தட்டை வாங்கிக் கேட்டபோது வேறு யாரையோ கேட்பதுபோல் உணர்ந்திருந்தால் வியப்பில்லை.

எனவே 1967 செப்டம்பரில் இரண்டாவது தட்டுக்கான வேலை தொடங்கியபோது, கூடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அதே சமயத்தில் மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராகக் குழுவில் சேர, இசையின் அடித்தளமே மாறத் தொடங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் மாதக்கணக்கில் வேலை நடந்தது. பிறகு நியூயார்க்கின் கூடங்களுக்கு மாறினார்கள். நினைத்தது கிடைக்கவில்லை. கிடார் கலைஞர் பாப் வியர் ஒரு நாள், பாடலில் ஓரிடத்தில் 'கனத்த காற்றின்' ஓசை வேண்டும் என்று ஹாஸிங்கரிடம் கேட்டாராம். மாதக்கணக்கில் பொறுத்திருந்த அவர் அதோடு வேலையை விட்டு விலகினார் என்பது ராக் இசை வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட வேடிக்கைக் கதை. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் நிர்வாகி ஜோ ஸ்மித், 1967 டிசம்பரில் குழுவின் மேலாளருக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் இதுவரை ஈடுபட்ட வேலைகளிலேயே இதைப்போல் முறைகெட்டது எதுவுமில்லை என்ற பொருள்பட நொந்துகொண்டிருக்கிறார்.

வியர் கேட்டதைச் சிரித்துவிட்டு ஒதுக்குவது எளிது. ஆனால் எங்களுக்கு அந்தக் கோரிக்கையில் ஒரு நியாயம் இருப்பதாகப் படுகிறது. கூடத்தின் காற்று மெலிந்தது. ஒவ்வொரு கருவியும் தனித்தனி ஒலிவாங்கியின் முன்னால், எதிரொலி இல்லாத சுவர்களுக்கு நடுவே, வேறெதையும் தொடாமல் ஒலிக்கும். கச்சேரி மண்டபத்திலோ ஆயிரம் உடல்களின் வெப்பமும், கூரையில் மோதித் திரும்பும் ஒலியும், ஒரு கருவியின் ஒலி இன்னொன்றின் ஒலிவாங்கிக்குள் கசிவதும் சேர்ந்து காற்று கனத்திருக்கும். வியர் தேடியது இதைத்தானா என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் குழுவினர் கடைசியில் கண்டடைந்தது இதைத்தான்.

ஹாஸிங்கர் போன பிறகு தயாரிப்புப் பொறுப்பு குழுவிடமே வந்து சேர்ந்தது. அவர்களுடைய ஒலிப்பொறியாளர் டான் ஹீலியின் துணையோடு, கச்சேரிகளை ஒலிநாடாவில் பதியத் தொடங்கினார்கள். 1967 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் ஷ்ரைன் அரங்கில் நடந்த கச்சேரிகளின் நாடாக்கள் ஏற்கெனவே கையில் இருந்தன. 1968-இன் முதல் மாதங்களில் அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர ஊர்களிலும், சான் ஃபிரான்சிஸ்கோவிலும், டாஹோ ஏரிக்கரையிலிருந்த கிங்ஸ் பீச் போல் என்ற சிறிய அரங்கிலும் வாசித்தவை அவற்றோடு சேர்ந்தன. பிறகு கார்சியாவும் பேஸ் கிடார் கலைஞர் ஃபில் லெஷும் ஹீலியோடு அமர்ந்து, கூடத்தில் பதிந்த துண்டுகளையும் இந்த மேடைப் பதிவுகளையும் ஒன்றோடொன்று பின்ன ஆரம்பித்தார்கள்.

அந்தப் பின்னலின் சிரமத்தை இன்று கணினியில் இசை தொகுப்பவர்கள் எளிதில் உணர முடியாது. ஒரே பாடலை ஒரு குழு இரண்டு இரவுகளில் ஒரே வேகத்தில் வாசிப்பதில்லை. ஒரே இரவிலும் வேகம் ஏறி இறங்கும். நாடா எந்திரங்களும் ஒன்றைப்போல் இன்னொன்று துல்லியமாகச் சுழல்வதில்லை. எனவே இரண்டு நாடாக்களைச் சேர்த்து ஓடவிட்டால், சில விநாடிகளுக்குள் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கும். அவற்றைக் காதால் அளந்து, கையால் வேகத்தைத் திருத்தி, ஒன்று தேய்ந்து மறையும் கணத்தில் மற்றொன்றை எழுப்பிக் கொண்டுவர வேண்டும். ஒலிக்கலவை மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த நேரத்தில் இன்னொரு கச்சேரியை நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். மனமயக்கக் காட்சிகளை மனத்தில் வைத்தே இதைக் கலவை செய்தோம் என்று கார்சியா பின்னாளில் சொன்னதுண்டு.

தட்டின் முதல் பாடலான 'தட்ஸ் இட் ஃபார் தி அதர் ஒன்' இந்த முறையின் முழு வீச்சையும் காட்டிவிடுகிறது. கார்சியாவின் மெல்லிய, சாவைப் பற்றிய பாட்டொன்று கூடத்தின் தெளிவோடு தொடங்குகிறது. இரண்டு டிரம்ஸ்களின் உருட்டலில் அந்தத் தெளிவு உடைந்து, வியர் பாடும் வேகமான பகுதிக்குள் நாம் தள்ளப்படுகிறோம். அந்த இடத்தில் சுவர்கள் விலகிவிட்டதுபோல் ஒலியின் அளவே மாறிவிடுகிறது. பிறகு முதலில் கேட்ட மெல்லிய பாட்டு திரும்பி வருகிறது. இப்போது அது ஒரே கச்சேரியிலிருந்து வரவில்லை. பல இரவுகளில் வாசித்த அதே பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கிடார் முன்னால் ஓட, அதன் நிழல்போல் இன்னொரு இரவின் கிடார் பின்தொடர்கிறது. அரங்குகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்வதுபோன்ற உணர்வு அங்கே உண்டாகிறது.

வியர் பாடும் அந்தப் பகுதியில் நீல் காஸடி வந்துபோகிறார். இலக்கிய வாசகர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோட்' நாவலில் டீன் மோரியார்ட்டியாக வருபவர் அவர்தான். கீஸியின் கூட்டம் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த பழைய பேருந்தை ஓட்டியவரும் அவரே. அவர் 1968 பிப்ரவரி 4-ஆம் நாள் மெக்சிகோவில், ரயில் பாதையருகே மயங்கிக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு இறந்தார். இத்தட்டுக்கான கச்சேரிகள் பதிவாகிக்கொண்டிருந்த அதே வாரங்கள் அவை. ஆகவே நாம் கேட்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள், அவர் உயிரோடிருந்த நாட்களும் இல்லாமற்போன நாட்களும் ஒன்றாகவே தைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஒரு தனி இரவின் பதிவாலும் இதைச் செய்திருக்க முடியாது. இந்தச் செய்தியை அறிந்த பிறகு அப்பகுதியை வேடிக்கையாகக் கேட்க எங்களால் முடியவில்லை.

பாடலின் இறுதியில் எல்லாம் கரைந்து, விநோதமான உலோகச் சத்தங்களின் காட்டுக்குள் போய்விடுகிறது. அது டாம் கான்ஸ்டன்டனின் கைவண்ணம். லெஷும் அவரும் 1962-இல் ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பேரியோவிடம் பயின்றவர்கள். பியானோவின் தந்திகளுக்கிடையே பலவகைப் பொருள்களைச் செருகி அதன் குரலையே மாற்றிவிடும் ஜான் கேஜின் முறையைக் கான்ஸ்டன்டன் இங்கே கையாண்டார். சுழலும் சைரோஸ்கோப் பொம்மை ஒன்றைப் பியானோவின் ஒலிப்பலகையில் அவர் வைத்தபோது எழுந்த சத்தத்தில் ஹாஸிங்கர் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்தாராம். அப்போது கான்ஸ்டன்டன் விமானப்படையில் பணியிலிருந்தார். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் வந்து வாசித்துப் போனார். ஐரோப்பிய நவீன இசையின் வகுப்பறையும் நடன அரங்கின் வியர்வையும் ஒரே நாடாவில் சந்தித்துக்கொண்டது இப்படித்தான்.

இரண்டாம் பக்கம் வேறு வகையானது. ராபர்ட் ஹன்ட்டர் தபாலில் அனுப்பிய வரிகளிலிருந்து உருவான 'அலிகேட்டர்' பாடலை ரான் மெக்கெர்னன், குழுவினர் அழைத்தபடி சொன்னால் 'பிக்பென்', கரகரத்த ப்ளூஸ் குரலில் பாடுகிறார். கஸூ என்ற, வாயில் வைத்து முனகும் விளையாட்டுக் கருவியின் கேலிச் சத்தத்தோடு கூடத்தில் தொடங்கும் பாட்டு, விரைவிலேயே மேடையின் வெளிக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து தாளம் ரயில்வண்டி போல் ஓடும் 'காஷன்' பாடலுக்குள் நுழைந்து, கடைசியில் கிடார்களின் ஃபீட்பேக் இரைச்சலில் எல்லாம் மூழ்குகின்றன. இரண்டும் சேர்ந்து இருபது நிமிடங்களுக்கு மேல் இடைவெளியின்றி நீள்கின்றன.

இனி எங்கள் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். மேடைப் பதிவையும் கூடப் பதிவையும் ஒரே வெளியீட்டில் தருவது அக்காலத்தில் அரிதானதல்ல. 1968-இல் க்ரீம் குழு வெளியிட்ட 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' இரட்டைத் தட்டில் ஒன்று கூடத்தில் செய்தது, மற்றொன்று மேடையில் பதிந்தது. 1969-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'உம்மகும்மா'வும் அப்படியே. பர்மிங்ஹாமிலும் மான்செஸ்டரிலும் வாசித்தவை ஒரு தட்டு. நான்கு கலைஞர்களும் ஆளுக்கு அரைப்பக்கம் எடுத்துக்கொண்டு கூடத்தில் செய்த சோதனைகள் மற்றொரு தட்டு. இவற்றில் இரு உலகங்களுக்கும் இடையே சுவர் உண்டு. கேட்பவருக்குக் குழப்பமில்லை, நேர்மையான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' மேடைத் தட்டுக்கு 'ஃபில்மோர் அரங்கில்' என்று பெயரிட்டிருந்தாலும், அதிலுள்ள நான்கில் ஒன்றே ஃபில்மோரில் பதிவானது. மற்றவை விண்டர்லாண்டில் பதிவானவை. சுவர் எழுப்பியிருப்பதாலேயே உள்ளே இருப்பது உண்மையென்று ஆகிவிடுவதில்லை.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு இதே குழுவிடம் இருக்கிறது. 1972-இல் கிரேட்ஃபுல் டெட் வெளியிட்ட 'யூரோப் 72' மூன்று தட்டுகள் கொண்ட கச்சேரித் தொகுப்பு. அவர்களுடைய தட்டுகளில் மிகவும் விரும்பப்பட்டவற்றுள் ஒன்று. அதன் குரல்கள் பலவும் ஊர் திரும்பிய பின் கூடத்தில் மீண்டும் பாடிச் சேர்க்கப்பட்டவை. தையல் தெரியாதபடி வேலை அவ்வளவு நேர்த்தி. நாங்களும் அத்தட்டை விரும்பிக் கேட்கிறவர்களே. ஆனால் மோசடி என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தியே தீரவேண்டுமென்றால், ஒட்டை மறைத்த அந்தத் தட்டுக்குத்தான் அது கொஞ்சமாவது பொருந்தும். 'ஆந்தம் ஆஃப் தி சன்' ஒட்டை மறைக்கவே இல்லை. அரங்கின் அளவு திடீரென்று மாறுவதும், ஒரு கிடாருக்குப் பின்னால் இன்னொன்று தடுமாறி வருவதும் எவர் காதுக்கும் எட்டும். ஒட்டையே ஒரு வாத்தியம்போல் அது வாசிக்கிறது.

வெட்டி ஒட்டுவதன் நியாயத்தை அந்நாளில் மிகத் தெளிவாக எழுதியவர் ராக் உலகைச் சேர்ந்தவர் அல்லர்; கனடா நாட்டுப் பியானோ மேதை க்ளென் கூல்ட். 1964-இல் கச்சேரி மேடையை விட்டே விலகிய அவர், 1966-இல் எழுதிய கட்டுரையொன்றில், பாஹின் ஒரு ஃப்யூகை இரண்டு வெவ்வேறு பதிவுகளிலிருந்து வெட்டிச் சேர்த்த கதையைச் சொல்கிறார். ஒன்று மிகவும் இறுக்கமாகவும் மற்றொன்று மிகவும் குதூகலமாகவும் அமைந்துவிட்டன. தனித்தனியே கேட்டால் இரண்டும் சலிப்பூட்டின. இரண்டையும் மாறிமாறி அமைத்தபோதுதான் அந்தப் படைப்பின் முழு உருவம் கிடைத்தது என்கிறார். கூல்டும் கிரேட்ஃபுல் டெட்டும் எதிரெதிர்த் துருவங்கள். அவர் கூட்டத்தைக் கண்டு அஞ்சி கூடத்துக்குள் போனவர். இவர்கள் கூடத்துக்குள் மூச்சு முட்டிக் கூட்டத்துக்குத் திரும்பியவர்கள். இருவரும் கத்தரிக்கோலில் வந்து சேர்ந்தது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு படைப்பு ஒரே நிகழ்த்தலில் முழுமையாக வெளிப்பட்டுவிடுவதில்லை என்ற அனுபவம் இருவருக்கும் பொது.

வாய்மொழிக் காப்பியங்களை ஆராய்ந்த ஆல்பர்ட் லார்ட், 1960-இல் வெளியான 'தி சிங்கர் ஆஃப் டேல்ஸ்' நூலில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். யூகோஸ்லாவியாவின் பாடகர்களிடம் 'மூலப் பாடல்' என்ற ஒன்றைத் தேடுவது வீண். ஒவ்வொரு முறை பாடும்போதும் அது மூலமே என்பது அவர் முடிவு. கிரேட்ஃபுல் டெட்டின் பாடல்களும் அத்தகையவை. அப்படியானால் அத்தகைய பாடலை எழுத்தில், அல்லது நாடாவில், நிலைநிறுத்துவது எப்படி? ஓர் இரவைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிடலாம். இவர்கள் பல இரவுகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டார்கள். அடிக்கடி கேட்ட பாடல் ஒன்றை நினைத்துப் பார்க்கும்போது நமக்குள் நடப்பதும் இதுவே. சிறுவயதில் கேட்டதும் சென்ற ஆண்டு கேட்டதும், ஓர் ஊரின் மழைச்சத்தமும் இன்னோர் ஊரின் கைத்தட்டலும் கலந்தே அது திரும்பி வருகிறது. நிகழ்ச்சியின் பதிவு என்று எடுத்துக்கொண்டால் இத்தட்டு பொய். நிகழ்ச்சிகளின் நினைவு என்று எடுத்துக்கொண்டால் இதைவிட உண்மையான ராக் இசைத்தட்டை நாங்கள் கேட்டதில்லை.

இந்த வாதத்துக்கு இன்று ஒரு கூடுதல் அவசியம் இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் தம் ரசிகர்கள் கச்சேரிகளைப் பதிவதை அனுமதித்த குழு. 1984 முதல் அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். இன்று அவர்களுடைய ஆயிரக்கணக்கான கச்சேரிப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1972-இன் ஐரோப்பியப் பயணம் முழுவதும், ஒரு கச்சேரி விடாமல், 2011-இல் எழுபதுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளில் வெளிவந்தது. இந்தத் தட்டுக்குப் பயன்பட்ட டாஹோ ஏரிக்கரைக் கச்சேரிகளின் பெரும்பகுதியையும் 2001 முதல் தனியாகவே கேட்கலாம். இவ்வளவு கிடைத்த பிறகு, துண்டுகளால் செய்த பழைய தட்டு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேமிப்பதே உண்மை, தேர்ந்தெடுப்பது திரிபு என்ற எண்ணம் மெல்ல வேரூன்றி வருகிறது. நாங்கள் இதை ஏற்கவில்லை. எல்லாம் கிடைக்கும் இடத்தில் எதைக் கேட்பது என்று சொல்ல யாருமில்லாமல் போகிறது. தேர்ந்தெடுத்து, அடுக்கி, ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்க்கும் கைக்குப் பெயர்தான் கலை. கிடங்கில் அந்தக் கை இல்லை.

ஆனால் அந்தக் கை ஒருமுறையோடு நிற்பதில்லை என்பதுதான் இத்தட்டின் அடுத்த சிக்கல். 1971-இல் லெஷ் இதைப் புதிதாகக் கலவை செய்தார். 1972 முதல் அதே தலைப்பில், அதே வரிசை எண்ணில் அது விற்பனைக்கு வந்தது. புதிய கலவையில் கருவிகள் பிரிந்து தெளிவாகக் கேட்கின்றன. பழையதின் புகைமூட்டம் பெரிதும் விலகியிருக்கிறது. இளமையில் செய்ததைப் பின்னால் துப்புரவாக்க விரும்புவது படைப்பாளிக்கு இயல்புதான். எழுத்தாளர்கள் மறுபதிப்பில் செய்வதும் அதைத்தானே. எனினும் எங்கள் வாக்கு 1968-இன் கலவைக்கே. அதில் கருவிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வியர் கேட்ட கனத்த காற்று அங்கேதான் இருக்கிறது. 2018-இல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு இரண்டு கலவைகளையும் அருகருகே வைத்து வெளியிட்டதும், அவற்றோடு 1967 அக்டோபர் 22-இல் விண்டர்லாண்டில் வாசித்த முழுக் கச்சேரியொன்றைச் சேர்த்ததும் மிகச் சரியான செயல். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களோடு பதிப்பித்த முன்னோர்களின் வழியில் படித்து வந்த நமக்கு, ஒன்றை அழித்து இன்னொன்றை நிறுத்தாத இந்தப் பதிப்புமுறையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால் இத்தட்டு குறையற்றது என்று கொள்ள வேண்டாம். 'பார்ன் க்ராஸ்-ஐட்' என்ற இரண்டு நிமிடப் பாடல் முழுவதும் கூடத்திலேயே செய்தது. மற்றவற்றுக்கு நடுவில் அது வழிதவறி வந்த விருந்தாளிபோல் நிற்கிறது. 'காஷன்' முடிவிலுள்ள ஃபீட்பேக் இரைச்சல், அந்த அரங்கில் நின்றவர்களுக்கு உடலை உலுக்கிய அனுபவமாக இருந்திருக்கலாம்; வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குப் பொறுமைச் சோதனை. வணிக அளவிலும் இது வெற்றியல்ல. பில்போர்டு பட்டியலில் 87-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. நீண்ட கூட வாடகை குழுவை நிறுவனத்துக்குக் கடனாளியாக்கிற்று. 1969-இல் வந்த 'லைவ்/டெட்' என்ற தூய மேடைப் பதிவே அவர்களுக்குப் பரவலான மதிப்பைத் தேடித்தந்தது. அந்த எளிய வழியே சரியென்று காலம் தீர்ப்பளித்துவிட்டதாகவும் ஒருவர் வாதிடலாம். வென்ற வழி ஒன்று என்பதால் மற்றதில் உண்மை இல்லை என்று ஆகாது என்பதே எங்கள் மறுமொழி.

இந்த இசையில் பங்குகொண்ட பலர் இன்று இல்லை. பிக்பென் 1973-இலும், கார்சியா 1995-இலும், லெஷ் 2024-இலும் மறைந்தார்கள். அவர்கள் அந்தக் குளிர்காலத்தில் ஊர் ஊராகச் சென்று வாசித்த இரவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முடிந்துபோனவை. அவை சேர்ந்து ஒலிப்பது இந்தத் தட்டில்தான்.

முதல்முறை கேட்கப்போகிறவர்களுக்கு எங்கள் யோசனை எளியது. 1968-இன் கலவையைத் தேடி எடுங்கள். பாடல்களைத் தனித்தனியாகப் பொறுக்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். ஒட்டு வரும் இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்த இரவு என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். எங்கள் நண்பரிடம் இக்கட்டுரையை முன்கூட்டியே படிக்கக் கொடுத்தோம். மோசடி என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். கடைசி இரைச்சல் மட்டும் இன்னும் இரைச்சல்தான் என்கிறார். அதில் அவரோடு சண்டைபோட எங்களுக்கு மனமில்லை.